பகல் இரண்டிலிருந்து மூன்று வரை

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

ஆராதனை முடிவில் அறிவிப்பு. ஈஸ்டர் வரை எங்கள் சேகரத்துச் சபையில் இரவு பகலாகச் சங்கிலி ஜெபம். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் எழுந்திருக்கும் முன் அடுத்தவர் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். நடுவில் ஆள் இல்லாமல் போனால் சங்கிலி அறுந்துவிடும், அந்தச் சந்தில் சத்துரு, அதாவது சாத்தான், நுழைந்துவிடுவான் என்றார் குருவானவர். பிறகு பெயர்களை வாசித்தார். பகல் இரண்டிலிருந்து மூன்று வரை ஜெபக்கனி டீச்சர்.

ஜெபக்கனி டீச்சர் நான்தான். நான் பெயர் கொடுக்கவில்லை. செல்வராணி மதினி கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரரின் அக்கா, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. எழுந்து மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சத்துரு ஜெயித்துவிட்டான் என்பார்கள். அவனுக்கு அந்தப் பெருமையை நான் ஏன் வாங்கிக் கொடுக்க வேண்டும்?

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஈஸ்டர் வரை போய் உட்காருவது. ஈஸ்டர் முடிந்ததும் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவது. அங்கே எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை. வீட்டுக்காரர் ஆகஸ்டில் தவறிப்போனதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. வராததை வருகிற மாதிரி காட்டிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்ட எனக்குத் தெம்பில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

என் பெயர் அப்பா வைத்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி 23, வியாழன்

முதல் நாள். வெஸ்ட்ரியில் ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற அண்டாக்கள். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு இரண்டு மணிக்கு என்ன வரும்? தூக்கம் வந்தது. முப்பது வருடம் பி.டி. டீச்சராக உச்சி வெயிலில் விசில் ஊதியவள் நான், நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை. எழுந்து நின்றேன். அண்டாக்களின் மூடிகளைச் சரியாகப் போட்டேன். மூன்று மணிக்கு மதினி வந்தார். என் பிடியிலிருந்து சங்கிலியை அவர்தான் வாங்குகிறார். என் முகத்தை உற்றுப் பார்த்து, ஜெபத்தில் நல்ல விடுதலை கிடைத்ததா என்று கேட்டார். மூன்று மணிக்குக் கிடைத்துவிட்டது என்றேன்.

பிப்ரவரி 27, திங்கள்

டைரியில் ஒரு சிக்கல். ‘அவர்’ என்று எழுதினால் எந்த அவர் என்று எனக்கே குழம்புகிறது. இனிமேல் வீட்டுக்காரரை வேதமுத்து என்று எழுதுவேன். மேலே இருக்கிற மற்றவர் ‘அவர்’.

எழுதத்தான் முடிகிறது. வாயால் அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள், மாமியார் மாமனார் பெயரைச் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. மைதானத்தில் இருநூறு பிள்ளைகளை அதட்டியவள்தான். ஆனால் எட்டாம் வகுப்பில் வேதமுத்து என்று ஒரு பையன் வந்து சேர்ந்தபோது வருடம் முழுக்க அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன். அவன் என்னைப் பாசக்காரி என்று நினைத்துக்கொண்டான். ஜெபத்தில்கூட ‘என் வீட்டுக்காரருக்குச் சுகம் தாரும்’ என்றுதான் கேட்பேன். யார் என்று அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மார்ச் 3, வெள்ளி

மோட்டார் காயில் போய்விட்டது. இன்றும் ஜெபிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மோட்டார் விஷயத்தைச் சொன்னேன், மெக்கானிக் மூன்று நாளாக இதோ வருகிறேன் என்று ஏய்ப்பதைச் சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்டால் அறையில் வேறு யாரும் இல்லை.

மார்ச் 5, ஞாயிறு

பிரசங்கத்தின் நடுவில் மைக் அடைத்துக்கொண்டது. சத்துரு என்றார் குருவானவர். கரண்ட் போனது. அதுவும் சத்துரு. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. அதற்கு யார் பெயரையும் சொல்லவில்லை, டீசல் வாங்கிப் போடுவது மதினியின் மகன். குருவானவர் நல்ல பையன்தான். முப்பத்து மூன்று வயது, ஜனவரியில்தான் மாற்றலாகி வந்தார். வீடு வீடாக வருகிறார், கொடுத்த காப்பியைக் குடிக்கிறார். எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒருவனைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

மார்ச் 8, புதன்

மதினி வீட்டுக்கு வந்தார். முன்னறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றார். நான் ரிட்டயர் ஆனபோது ஸ்டாஃப் எல்லோரும் சேர்ந்து கொடுத்த கடிகாரம். நடுவில் தோகை விரித்த மயில். மயில் எந்தச் சாமியின் வாகனம் என்று திருச்செந்தூர் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். வேதமுத்துவுக்கு கிட்னி போய் டயாலிசிஸுக்கு அலைந்த இரண்டு வருடமும் மதினி இதைத்தான் சொன்னார். வீட்டுக்குள் தடை இருக்கிறது, அதைக் கழற்றி எறி, தம்பி எழுந்து நடப்பான் என்று. இன்றைக்கும் சொன்னார்.

“அன்னைக்கே நீ அதக் கழத்திருந்தன்னா என் தம்பி இன்னைக்கு இந்த நாற்காலில இருப்பான் ஜெபக்கனி.”

காப்பி போடப் போய்விட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டது. மறந்ததா என்று கேட்டால், மறந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 9, வியாழன்

இன்று வெஸ்ட்ரியில் கோபமாகப் பேசிவிட்டேன். மதினியைப் பற்றி ஆரம்பித்தது, வேறு எங்கோ போய்விட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மூன்று மணி. இதையெல்லாம் ஜெபக் கணக்கில் சேர்க்க முடியாது.

மார்ச் 14, செவ்வாய்

சீக்கிரமே போய்விட்டேன். எனக்கு முந்தின மணி அருமைநாயகம் அண்ணாச்சியுடையது. திருச்செந்தூர் ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காது மந்தம், மிஷின் வாங்கிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அதனால் சத்தமாக ஜெபிப்பார். கதவுக்கு வெளியே நின்றாலே முழுவதும் கேட்கும்.

அவர் ஜெபிப்பது பஸ் ஓடுவது மாதிரி. கீழத்தெருவில் கிளம்பி ஒவ்வொரு வீடாக நின்று, ஆளை ஏற்றி, விசில் கொடுத்து அடுத்த வீடு. சூசையம்மாளுக்கு மூட்டுவலி, ஏற்று. தங்கராஜ் மகனுக்கு வேலை, ஏற்று. எங்கள் வீடு வந்ததும் சொன்னார்: “தம்பி வேதமுத்துக்குச் சுகத்தக் குடும் சாமி.” அடுத்து சாராள் வீடு, சாராளுக்குச் சர்க்கரை. போய்க்கொண்டே இருந்தார்.

கதவைத் திறக்காமல் நின்றேன். வேதமுத்துவை அடக்கம் பண்ணியபோது பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்து வந்தவர் இதே அண்ணாச்சிதான்.

மார்ச் 15, புதன்

இன்றும் சொன்னார்.

மார்ச் 16, வியாழன்

இன்றும். செத்துப்போனவருக்குச் சுகம் கேட்டால் மேலே இருக்கிற அவர் என்ன செய்வார்? உயிரோடு இருந்தபோது ஊரே கேட்டுக் கொடுக்காதவர். எனக்கு உள்ளே கொதிக்கிறது. அண்ணாச்சி மேலா என்று தெரியவில்லை.

மார்ச் 21, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வெளியே வந்தவரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, காதருகே போய்ச் சத்தமாகக் கேட்டேன். அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரங்க போய் ஏழு மாசமாச்சு, இன்னும் சுகம் கேக்கீங்களே என்று. பதறுவார், மறந்துவிட்டேன் என்பார், நான் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்று சொல்லலாம் என நினைத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“தெரியும் டீச்சர். எடுத்துப் பாத்தேன். அந்தப் பேர எடுத்துட்டா அடுத்த ஸ்டாப்பு ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு. அங்கனயே நின்னுபோறேன். அதுக்கப்புறம் இருக்க வீடெல்லாம் என்னத்துக்கு ஆகும்?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒங்களுக்குச் சங்கடம்னா மெதுவாச் சொல்லிக்கிடுதேன் என்றார். அவரால் மெதுவாகச் சொல்ல முடியாது என்பது அவருக்கே தெரியாது. அப்படியே சொல்லுங்க என்றுவிட்டு உள்ளே போனேன்.

மார்ச் 22, புதன்

நானும் அங்கேதான் நின்றுபோயிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு ஸ்டாப்பும் வரவில்லை.

மார்ச் 25, சனி

மகளிடமிருந்து போன். ஏப்ரல் பதினைந்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாளாம். வீட்டைப் பூட்டிவிட்டே வந்துவிடுங்கள், அங்கே தனியாக இருந்து என்ன செய்கிறீர்கள் என்கிறாள். சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு பாதி நிறைய வேதமுத்துவின் வேட்டிகள். திரும்ப ஏற்றிவிட்டேன். பை ஒன்று வாங்க வேண்டும்.

மார்ச் 29, புதன்

கடிகாரத்தைப் பற்றி ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

கழற்றினேன். கடைசி வாரம், வேதமுத்து தூங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றி, துணியில் சுற்றி பீரோவுக்கு அடியில் தள்ளினேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் செய்தேன். அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன், தலைகீழாக நடக்கச் சொன்னால் நடந்திருப்பேன். வேதமுத்து எழுந்ததும் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்து மணி என்ன என்று கேட்டார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். நாலு நாளும் அந்த ஆணியைப் பார்த்து மணி கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் எடுத்து மாட்டினேன். மதினிக்கு இது தெரியாது, அந்த நாட்களில் சுவரைப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. சொன்னால் வேறு ஏதாவது ஒரு தடையைத் தேடுவார். தம்பியை இழந்தவர் அவரும்தானே, மயிலையே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பவனியில் அண்ணாச்சி வேகமாக நடந்தார். இடையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, குருத்தோலை குத்திவிட்டது என்றார்.

ஏப்ரல் 4, செவ்வாய்

பன்னிரண்டே முக்காலுக்கு மதினி போன். அண்ணாச்சி காலையில் குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார், நாடித் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு மணிக்கு ஆள் இல்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால் சங்கிலியை அறுக்க சத்துரு திட்டம் போட்டுவிட்டான், நீதான் பக்கத்தில் இருக்கிறாய், ஓடு என்றார். சாப்பிடாமல் ஓடினேன்.

உட்கார்ந்தேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இது என்னுடைய மணி இல்லை, அண்ணாச்சியுடையது. என் மணியில் நான் மோட்டாரைப் பற்றிப் பேசலாம், அவர் மணியில் பேசுவது நியாயமில்லை என்று பட்டது. அவர் வண்டியை நான் ஓட்டியாக வேண்டும். கீழத்தெருவில் கிளம்பினேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. சூசையம்மாள், தங்கராஜ் மகன், மேட்டு வீட்டுக் கைப்பிள்ளை. ஒவ்வொன்றாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

எங்கள் வீடு வந்தது. நின்றுபோனேன்.

‘என் வீட்டுக்காரர்’ என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்தது வரவில்லை. அண்ணாச்சியின் ரூட்டில் அப்படி ஒரு ஸ்டாப் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கடைசியில் வாயைத் திறந்து, வேதமுத்து என்றேன். என் காதில் அது யாரோ சொன்ன மாதிரி இருந்தது. வேதமுத்து, வேதமுத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாததை எல்லாம் சேர்த்துச் சொன்ன மாதிரி. அழுதேன். சுகம் தாரும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இனி எந்த மனிதருக்காகவும் அவரிடம் சுகம் கேட்பதில்லை என்று ஆகஸ்டில் சுடுசொல்லாகச் சொல்லியிருந்தேன்.

ஆனால் அந்த இடத்தில் ஒரு ஆளை ஏற்றாமல் வண்டி நகராது. பாளையங்கோட்டையில் கிடப்பவரை ஏற்றினேன். “அருமைநாயகம் அண்ணாச்சிக்குச் சுகத்தக் குடும் சாமி” என்றேன். அவர் மாதிரியே, அதே சத்தத்தில்.

உடனே சாராள் வந்தாள். சாராளுக்குச் சர்க்கரை.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் மதினி வெளியே நின்றுகொண்டிருந்தார். முந்தானை வாயில் இருந்தது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. கஞ்சி. கால் வீக்கம்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனையில் அறிவித்தார்கள். அண்ணாச்சிக்கு பேஸ்மேக்கர் வைத்தாயிற்று, எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாராம். கைதட்டல். மதினி எழுந்து நின்று, ஜெபக்கனி வெஸ்ட்ரியில் கதறினாள், நான் என் காதால் கேட்டேன், கர்த்தர் அவள் கண்ணீரைப் பார்த்தார் என்றார். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சங்கிலி நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு வைத்தேன். கரண்டியைத் தூக்கி எறிந்தேன். சுவரில் மசாலா.

அண்ணாச்சி பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வேதமுத்துவுக்காக இரண்டு வருடம் கேட்டேன், உபவாசம் இருந்து கேட்டேன், முழங்கால் தோல் கறுத்துப்போகும் வரை கேட்டேன். கொடுக்கவில்லை. எண்பத்தோரு வயதுக்காரருக்கு, வண்டி நகர வேண்டுமே என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவையும் இல்லை என்றிருந்தால் எனக்கு எல்லாம் சுலபமாக இருந்திருக்கும். அங்கே யாருமே இல்லை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருப்பேன். இப்போது யாரோ இருக்கிறார், காது கேட்கிறது, அன்றைக்கும் கேட்டிருக்கிறது. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏப்ரல் 12, புதன்

குருவானவர் வந்தார். வருகிற ஞாயிறு நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். சத்துருவின் மேல் கிடைத்த வெற்றி என்று தலைப்பே வைத்துவிட்டார். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்றேன். டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். சுவரைப் பார்த்து, இது மஞ்சளா என்றும் கேட்டார். மசாலா என்றேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

கிளம்புவதற்கு முன் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அதிசயமாகக் காதில் மிஷின். நான் அவருக்காகச் சுகம் கேட்டதைப் பற்றி மதினி ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். எந்த இடத்தில் ஏற்றினேன் என்பதையும் சேர்த்து. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மிஷினைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

“எனக்கு என்னத்துக்கு டீச்சர் குடுத்தாரு? நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. அவனுக்குல்லா குடுத்திருக்கணும். ஆஸ்பத்திரில கெடந்து அதத்தான் கேட்டேன்.”

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. தெனமும் கேக்கேன்.”

அவர் மருமகள் கொடுத்த பாலை இரண்டு பேரும் குடித்தோம். எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு ஆறுதலாக நடந்துகொண்டதில்லை. வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டு, மே மாதம் பார்க்கலாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். ஒரு விஷயம் பாதியில் நிற்கிறது என்றேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

சாட்சி சொன்னேன். மைக் வேலை செய்தது. பழக்கதோஷத்தில் அது இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரிதான் பேசினேன்.

“அண்ணாச்சிக்குச் சுகம் கேட்டேன், குடுத்தாரு. அதுக்கு ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரங்களுக்கு, வேதமுத்துக்குக் கேட்டேன், குடுக்கல. வீட்ல மயில் இருந்ததுனால இல்ல, அதக் கழத்தியும் பாத்தாச்சு. ஏன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க யாரும் எனக்கு வந்து விளக்க வேண்டாம். நான் அவர்ட்டயே கேட்டுக்கிடுதேன். பதில் சொல்லுத வரைக்கும் நான் இங்கருந்து போகப்போறதில்ல.”

உட்கார்ந்துவிட்டேன். சாட்சி முடிந்தால் சபையார் அல்லேலூயா சொல்வது வழக்கம். யாரும் சொல்லவில்லை. குருவானவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கழத்தினியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிடியை விடவே இல்லை. பின்னால் நாற்காலியில் தூக்கி வந்து உட்காரவைத்திருந்த அண்ணாச்சி மட்டும் உரக்க ஆமென் என்றார். காதில் மிஷின் இருந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 17, திங்கள்

இரண்டு மணிக்குப் போனேன். சங்கிலி முடிந்துவிட்டதால் வெஸ்ட்ரி பூட்டியிருந்தது, சாவி வாங்கித் திறந்தேன். ஃபேன் ஓடவில்லை. நேரடியாக விஷயத்துக்கு வந்தேன். மூன்று மணி வரை பதில் இல்லை. நாளை போக வேண்டும்.